ஆன்லைனில் சம்பாதிக்க ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: எவ்வளவு நாள் பொறுப்பது, எதில் கவனம் வைப்பது?

ஆன்லைனில் ஏதாவது செய்து நாலு காசு பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது குறைவு. பணம் எந்த வேகத்தில் வரும் என்ற கணக்கு முன்கூட்டியே தெரியாததுதான் முக்கியக் காரணம். இரண்டாவது வாரத்தில் வரும் என்று நினைத்தது இரண்டாவது மாதத்திலும் வராதபோது யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். அதனால் இங்கே அறிவுரையைக் குறைத்துக்கொண்டு கணக்கைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் பணம் கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும்?

எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "ஆன்லைன் வருமானம்" என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே இரண்டு தனித்தனி உலகம் இருக்கிறது. ஒன்று, ஒருவருக்கு வேலை செய்து கொடுத்து அவரிடமே கூலி வாங்குவது. மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், டிசைன், கணக்கு எழுதுவது, டியூஷன் எல்லாம் இதில் வரும். இன்னொன்று, ஆட்களைச் சேர்த்து அந்தக் கூட்டத்தை வைத்துச் சம்பாதிப்பது. யூடியூப், பிளாக், அஃபிலியேட் லிங்க் (உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கமிஷன்) எல்லாம் அந்தப் பக்கம். முதல் வகையில் உலகத்தில் ஒரே ஒரு ஆள் 'சரி, செய்யுங்கள்' என்று சொன்னால் போதும், வேலை ஆரம்பம். அதனால் சில வாரங்களில்கூட நடக்கலாம். இரண்டாவது வகையில் ஆயிரக்கணக்கான பேர் உங்களைத் தேடி வர வேண்டும், அது மாதக் கணக்கு, பல சமயம் வருடக் கணக்கு.

யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானம் கிடைக்க 1000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ்). 4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 80,000 வியூஸ். வாரம் ஒரு வீடியோ என்று வருடத்துக்கு 50 போட்டால், ஒவ்வொன்றும் 1600 பேரிடமாவது போக வேண்டும். யாருக்கும் தெரியாத புது சேனலுக்கு இது சின்ன விஷயம் இல்லை, நடக்காத விஷயமும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் மூன்றாவது வீடியோவுக்கு 40 வியூஸ் வந்ததும் இடிந்துபோய் உட்கார மாட்டார்.

பிளாக்கும் அப்படித்தான். தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவருவதற்கு ஆள் வைத்தால் எவ்வளவு நாளில் பலன் தெரியும் என்பதற்கு, கூகுளே 2017இல் ஒரு வீடியோவில் சொன்ன பதில்: பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம். அனுபவசாலியை வைத்து வேலை செய்தாலே அந்தக் கதி. தனியாக, புதிதாகக் கற்றுக்கொண்டே செய்பவருக்கு அதற்கு முன்னால் வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். பணம் ஏன் இன்னும் வரவில்லை?

இதில்தான் புதியவர்கள் அதிகம் பதறுகிறார்கள், 'ஏமாற்றிவிட்டார்களோ' என்று தூக்கம் கெடுகிறது. பெரும்பாலும் ஏமாற்று எதுவும் இல்லை, தளத்தின் வழக்கமே அதுதான்.

வேலை கொடுக்கும் கிளையண்டையும் செய்து கொடுப்பவரையும் சேர்த்துவைக்கும் தளமான அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலை என்றால் வாரக் கணக்கு திங்களில் ஆரம்பித்து ஞாயிறில் முடியும். அதன் பிறகு கிளையண்ட் சரிபார்க்கச் சில நாள், தளம் நிறுத்திவைப்பது சில நாள் என்று, அந்த ஞாயிறிலிருந்து 10 நாள் கழித்துத்தான் பணம் எடுக்கக் கிடைக்கும். அப்படியென்றால் திங்கள் காலை செய்த வேலைக்கு 16 நாள் காத்திருக்கிறீர்கள். அதே மாதிரி இன்னொரு தளமான ஃபைவரில் நீங்கள் கொடுத்ததை வாங்கியவர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று அழுத்தாமல் விட்டால் 3 நாளில் அது தானாக முடிந்ததாக ஆகும், அதற்கு மேல் புதிய விற்பனையாளருக்குப் பணம் 14 நாள் தளத்திடமே நிற்கும். தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்பதால் 50 டாலர் வேலைக்கு உங்கள் கைக்கு வருவது 40.

யூடியூப், பிளாக் விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் இன்னும் மெதுவானது. ஒரு மாதத்தில் சேர்ந்த தொகை அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதியாகி, 21ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படும், அதுவும் 100 டாலர் சேர்ந்திருந்தால்தான். சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். 10 டாலர் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள், அது வந்து சேர வாரக் கணக்கு ஆகும். ஆவலோடு காத்திருப்பவருக்கு இது பெரிய சோதனை. சேரும்போதே தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

இருக்கிற வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் சீக்கிரம் வந்துவிடாதா?

வராது. மேலே சொன்ன காத்திருப்பு நாட்கள் எதுவும் நீங்கள் வேலையை விட்டதால் குறையப்போவதில்லை. குறையப்போவது உங்கள் சேமிப்பு மட்டும்.

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவர் எதை வைத்துப் பொறுப்பார்? பொறுமையை எல்லோரும் குணம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு பணம்தான். வேறு பக்கம் சாப்பாட்டுக்கு வழி இருப்பவர் மட்டமான கிளையண்டை மறுக்க முடியும், நியாயமான விலை கேட்க முடியும், ஒரு சேனலை ஒரு வருடம் வளர்க்க முடியும். வழி இல்லாதவர் வந்ததையெல்லாம் பாதி விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு, நான்கு மாதத்தில் களைத்துப்போய் 'ஆன்லைன் எல்லாம் பொய்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆன்லைனிலிருந்து தொடர்ந்து சில மாதம் செலவுக்குப் போதுமான தொகை வந்து, அதுவும் ஒரே ஆளிடமிருந்து வராமல் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தால், அப்போது வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது வேலையே இல்லை என்பவர்கள்? ஒருவருக்கு வேலை செய்து கொடுத்துக் கூலி வாங்கும் பக்கமே போங்கள், கூட்டம் சேர்க்கும் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே நேரத்தில் நாலைந்து வழி முயன்றால் ஏதாவது ஒன்று மாட்டாதா?

அகலக்கால் வைப்பது என்பார்களே, அது இதுதான். காலையில் ஃப்ரீலான்ஸ் தளத்தில் ப்ரொபைல், மதியம் யூடியூப் சேனல், ராத்திரி அஃபிலியேட் பிளாக், நடுவில் டி-ஷர்ட் டிசைன். பார்க்கச் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். ஆனால் இதில் எதுவுமே 'வேலை செய்கிறதா, இல்லையா' என்று தீர்ப்பு சொல்லக்கூடிய அளவுக்கு வளர்வதில்லை. ஆறு வீடியோவை வைத்து யூடியூப் உங்களுக்கு ஆகுமா என்று சொல்ல முடியாது, எட்டு விண்ணப்பத்தை வைத்து ஃப்ரீலான்ஸ் ஆகுமா என்றும் சொல்ல முடியாது. கடைசியில் நான்கு துறையில் நுனிப்புல் மேய்ந்துவிட்டு, நான்கும் எனக்கு வராது என்று நான்கு தவறான முடிவோடு நிற்பீர்கள்.

சில திட்டங்களுக்குக் கெடுவும் உண்டு. அமேசான் அஃபிலியேட்டில் சேர்ந்த 180 நாளுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். நாலு இடத்தில் கவனம் சிதறியவருக்கு இந்த 180 நாள் எங்கே போனது என்றே தெரியாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு: ஒரே திறமையை இரண்டு இடத்தில் காட்டுவது அகலக்கால் ஆகாது. சப்டைட்டில் போடத் தெரிந்தவர் இரண்டு தளத்தில் ப்ரொபைல் வைக்கலாம், ஏனென்றால் கற்பது ஒன்றுதான்.

அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'எதில் அதிகப் பணம்' என்று தேடினால் தலை சுற்றும், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே யாருக்காவது செய்து கொடுத்த விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆபீஸில் எல்லோரும் எக்செல் சந்தேகத்துக்கு உங்களிடம் வருகிறார்களா, நண்பர்கள் பயோடேட்டாவைத் திருத்தித் தரச் சொல்கிறார்களா? அதற்கு ஏதாவது தளத்தில் யாராவது பணம் கொடுக்கிறார்களா என்று ஒரு மாலை உட்கார்ந்து தேடிப் பாருங்கள். கொடுக்கிறார்கள் என்றால் முடிந்தது. பணம் வராத மாதங்களிலும் அந்த வேலையைச் செய்ய உங்களால் முடியுமா என்பதையும் பாருங்கள். கேமரா முன்னால் பேசுவதே பிடிக்காதவர் யூடியூப் லாபம் என்று கேள்விப்பட்டு இறங்கினால் எத்தனை பொறுமை இருந்தும் பிரயோஜனமில்லை.

தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. போதுமா?

போதும், அது உண்மையிலேயே ஒரு மணி நேரமாக இருந்தால். லேப்டாப்பைத் திறந்து, மெயில் பார்த்து, மற்றவர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற வீடியோ இரண்டு பார்த்து, ப்ரொபைல் படத்தை மாற்றிவிட்டு மூடினால் அது கணக்கில் வராது.

நேற்று விட்ட இடம் எங்கே என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போகும், அதனால் இன்றைய வேலையை முடித்து லேப்டாப்பை மூடும் முன்பே நாளை செய்ய வேண்டிய முதல் வேலையை ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள். 'சேனல் வேலை' என்று எழுதினால் உதவாது. 'மூன்றாவது வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்தை வெட்டுவது' என்று எழுதினால் உட்கார்ந்ததும் கை தானாகப் போகும்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் குழுவாக 96 பேரை வைத்து, ஒரு புதிய செயல் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். நடுவில் நிற்கும் கணக்கு (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிட அதிகம்) 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18இலிருந்து 254 வரை போனது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெட்டுப்போகவில்லை என்பதும் அதில் தெரிந்தது. '21 நாளில் பழக்கம்' என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உட்கார்ந்தால் கவனம் நிற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

உங்களுக்கு மட்டும் இல்லை. குளோரியா மார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2004இல் அளந்தபோது, மக்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார்கள். பிற்பாடு வந்த அளவுகளில் அது சுமார் 47 விநாடி. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு, புது வேலையின் தரம் குறைகிறது என்று சோஃபி லெராய் என்பவர் 2009இல் எழுதினார். போனில் மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால் படித்த வரியையே திரும்பப் படிக்கிறோமே, காரணம் இதுதான்.

போனை வேறு அறையில் வைப்பது, நோட்டிஃபிகேஷனை நிறுத்துவது எல்லாம் நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள், செய்யுங்கள். இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: வியூஸ் பார்ப்பது. வீடியோ போட்ட பத்தாவது நிமிடம் யூடியூப் ஸ்டூடியோ ஆப்பைத் திறந்து பார்த்தால் 3 வியூ, அதில் ஒன்று நீங்கள். திரும்பவும் பார்த்தால் 4. ப்ரொபோசல் (வேலை கேட்டு கிளையண்டுக்கு எழுதும் விண்ணப்பம்) அனுப்பியவரும் அப்படித்தான், 'பார்த்துவிட்டாரா, பார்த்துவிட்டாரா' என்று. வேலை செய்வது போலவே இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுமே உருவாவதில்லை. எண்களை வாரத்தில் ஒரே ஒரு நாள், குறித்த நேரத்தில் பாருங்கள். கிளையண்ட் மெசேஜ் மட்டும் தினமும் பார்க்க வேண்டியது, அதை உங்கள் ஒரு மணி நேரத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது ப்ரொபோசல் அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. இன்னும் பொறுப்பதா?

இங்கே பொறுமை வேண்டாம். நாற்பதும் ஒரே மாதிரி போயிருந்தால் நீங்கள் ஒரே ஒரு முயற்சியைத்தான் நாற்பது முறை செய்திருக்கிறீர்கள்.

ஒரு கிளையண்ட் இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்: "20 நிமிட நேர்காணலுக்கு சப்டைட்டில் வேண்டும். இருவர் பேசுகிறார்கள், சில இடங்களில் பின்னணிச் சத்தம் அதிகம்." அதற்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை "ஐயா, நான் கடின உழைப்பாளி, 24 மணி நேரமும் தயாராக இருக்கிறேன், ஒரு வாய்ப்பு தாருங்கள்" என்ற ரகம். அவர் தளத்தின் பட்டியலில் முதல் இரண்டு வரியைத்தான் பார்ப்பார், அதற்குள் நீங்கள் அவர் எழுதியதைப் படித்தீர்கள் என்று தெரிய வேண்டும். "இருவரும் ஒன்றாகப் பேசும் இடங்களில் யார் பேசுகிறார் என்று பிரித்துக் காட்டுவேன். சத்தத்தில் கேட்காத இடங்களை நேரக் குறிப்போடு தனியாக எழுதித் தருவேன், நீங்களே உறுதி செய்யலாம். தனி ஃபைலாக வேண்டுமா, வீடியோவிலேயே பதித்துத் தர வேண்டுமா?" இவ்வளவுதான். கடைசியில் கேள்வி இருப்பதால் அவர் பதில் எழுதவும் ஒரு காரணம் கிடைக்கிறது.

பத்து அனுப்பியதும் நிறுத்தி, எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். திறக்கவே இல்லை என்றால் முதல் இரண்டு வரியில் கோளாறு, அல்லது ஐம்பது பேர் ஏற்கெனவே விண்ணப்பித்த பழைய வேலைகளுக்கே அனுப்புகிறீர்கள். திறந்துவிட்டுப் பதில் இல்லை என்றால் மாதிரி வேலைகளில் அல்லது விலையில் கோளாறு. ஒன்றை மாற்றி அடுத்த பத்து. அப்வொர்க் மாதிரித் தளங்களில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன் செலவாகும், அது காசு கொடுத்து வாங்குவது என்பதையும் மறக்க வேண்டாம்.

(இடையில் ஒன்று: 'முழு வேலையையும் மாதிரிக்கு இலவசமாகச் செய்து காட்டுங்கள்' என்று கேட்பவரிடம் ஒரு நிமிட மாதிரி கொடுங்கள், அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.)

எப்போது விட்டுவிடலாம்?

மனம் உடைந்த நாளில் இதை முடிவு செய்யக் கூடாது. ஆரம்பிக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள், அதுவும் தேதியாக எழுதாமல் வேலையின் எண்ணிக்கையாக: 30 வீடியோ, 60 ப்ரொபோசல், 40 கட்டுரை. 'ஆறு மாதம் பார்ப்பேன்' என்பவர் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டு ஆறு மாதம் முயன்றதாகச் சொல்லிக்கொள்ள முடியும்.

எண்ணிக்கை முடிந்ததும் பணத்தைப் பார்க்காமல் அதற்கு முந்தைய அறிகுறிகளைப் பாருங்கள். கடைசிப் பத்து வீடியோவை முதல் பத்தைவிட அதிக நேரம் பார்க்கிறார்களா? பதில் எழுதும் கிளையண்ட் அதிகமாகிறார்களா? தேடலில் உங்கள் பக்கம் ஐந்தாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கிறதா? ஆம் என்றால் இன்னும் ஒரு சுற்று போகலாம். நடுவில் பல மாற்றங்கள் செய்தும் முப்பதும் ஒரே கோட்டில் படுத்திருந்தால் விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எடிட்டிங், விலை பேசுவது, தலைப்பு வைப்பது என்று கற்றது எதுவும் அடுத்த முயற்சிக்கு வீணாகாது.

வேறு ஒருவர் மூன்றே மாதத்தில் இவ்வளவு சம்பாதித்தேன் என்று ஸ்க்ரீன்ஷாட் போடுகிறாரே?

ஸ்க்ரீன்ஷாட்டில் வரவு தெரியும், செலவு தெரியாது. விளம்பரத்துக்கு எவ்வளவு போட்டார், அதற்கு முன் எத்தனை வருடம் அதே துறையில் இருந்தார், அது அவருடைய மிக நல்ல மாதமா என்பது எதுவும் அதில் இருக்காது. கீழே கோர்ஸ் லிங்க் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்படியானால் கோர்ஸ் வாங்கவே கூடாதா?

ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுத்தரும் கோர்ஸ் வாங்கலாம், இலவசமாக இருப்பதைப் படித்து முடித்த பிறகு. 'சம்பாதிப்பது எப்படி' என்று கற்றுத்தரும் கோர்ஸ் வேண்டாம். ஒன்று வாங்கி முடிக்காமல் அடுத்ததை வாங்குவதும் ஒரு வகை ஒளிந்துகொள்ளல்தான்.

வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் பணம் என்று வாட்ஸாப்பில் மெசேஜ் வருகிறது. பொறுமையாகச் செய்தால் வருமா?

முதலில் கொஞ்சம் வரும், அதுதான் ஆபத்தே. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ், அப்புறம் டெலிகிராம் குழு, லைக் போட்டதற்குச் சின்னத் தொகை நிஜமாகவே கணக்குக்கு வரும். நம்பிக்கை வந்த பிறகு ஒரு ஆப், அதில் உங்கள் 'வருமானம்' ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் 'இந்த செட்டை முடிக்க இவ்வளவு கட்டுங்கள்' என்பார்கள், பெரும்பாலும் கிரிப்டோவில். கட்டினால் அடுத்த செட்டுக்கு இன்னும் அதிகம். அமெரிக்காவில் நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் எஃப்டிசி என்ற அரசு அமைப்புக்கு இந்த வகை மோசடி பற்றி 2023 முழுக்க சுமார் 5,000 புகார் வந்தது, 2024இன் முதல் ஆறு மாதத்திலேயே சுமார் 20,000. சம்பாதித்ததை எடுப்பதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் அங்கே வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால், போனதை மீட்க இன்னும் கட்டாதீர்கள். உடனே வங்கியிடமும் போலீஸிடமும் சொல்லுங்கள்.

ஏஐ வந்த பிறகு இதையெல்லாம் கற்றுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா?

வார்த்தைக்கு இவ்வளவு என்று எதையாவது எழுதி நிரப்பும் வேலைகளில் இறங்காதீர்கள், அதற்கு இனி காசு கிடைப்பது கஷ்டம். விஷயம் தெரிந்து சரிபார்ப்பவர், கிளையண்டின் குழப்பமான மெசேஜிலிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்பவர், தவறு வந்தால் பொறுப்பேற்றுத் திருத்தித் தருபவர், இவர்களுக்கு வேலை இருக்கிறது. கருவியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அது கொடுத்ததை அப்படியே அனுப்பி முதல் கிளையண்டை இழக்காதீர்கள்.

வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நாள் முழுக்க போனை நோண்டுவதாகச் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அவர்கள் மேல் தப்பில்லை. வாதாடி ஜெயிக்க முடியாது. எந்த நேரம் உங்கள் வேலை நேரம் என்று சொல்லிவிடுங்கள், அந்த நேரம் முடிந்ததும் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். எவ்வளவு வரப்போகிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள், அந்தத் தொகையை ஒவ்வொரு மாதமும் கேட்பார்கள்.

முதல் பணம் வந்தாச்சு. இப்போது அடுத்த வழியையும் சேர்க்கலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். முதலில் அந்தப் பணம் கொடுத்தவரிடமே போய், அடுத்த வேலை ஏதாவது இருக்கிறதா, அவருக்குத் தெரிந்தவர் யாருக்காவது தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். புது ஆளைத் தேடிப் பிடிப்பதில் பாதி உழைப்புகூட இதற்கு ஆகாது, ஆனால் புதியவர்களில் பலர் கூச்சப்பட்டு இதைக் கேட்பதே இல்லை. பாராட்டி ஒரு வரி எழுதித் தரவும் கேளுங்கள், அடுத்த ப்ரொபோசலில் அதுதான் உங்களுக்காகப் பேசும். வந்த தொகை, தேதி, தளம் பிடித்த கமிஷன், இன்டர்நெட், சாஃப்ட்வேர் செலவு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு ஷீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், வருட முடிவில் வரிக் கணக்குக்கு வேண்டும். நீங்கள் தேடிப் போகாமலேயே பழைய கிளையண்டுகள் திரும்ப வர ஆரம்பித்த பிறகு, உங்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவது வழியை யோசிக்கலாம்.